நிற்பதற்கு ஓர் இடம்

வியன்னாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமா கேட்டார்.

“அங்க என்னடா இருக்கு? பாரிஸ் போனா அந்த டவரையாச்சும் பாக்கலாம்.”

“மியூசிக் கேக்கலாம் மாமா.”

“நீ என்னைக்குடா அந்த மியூசிக்கெல்லாம் கேட்ட?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது சரிதான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குள் 1998லிருந்து ஒரு பில்ஹார்மோனிக் அரங்கம் இருக்கிறது. அதே கட்டடத்தில் நூறு தடவை சினிமா பார்த்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். அரங்கத்துக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. பணம் மட்டும் காரணம் இல்லை. என்ன சட்டை போட வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும், தெரியாமல் தட்டினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். வாசலிலேயே திரும்பிவிடுகிற கூச்சம் அது. இதை வாசிக்கிற சிலருக்கும் இருக்கும்.

வியன்னாவுக்குப் போனதற்கு உண்மையான காரணம் ஒரு நாவல். ஆஸ்திரிய எழுத்தாளர் தாமஸ் பெர்ன்ஹார்ட் 1985இல் வெளியிட்ட ‘ஆல்ட்டே மைஸ்டர்’. பழைய மேதைகள் என்று பொருள் கொள்ளலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எட்டு நாள், ஹாஸ்டலில் மேல்படுக்கை, எந்த விலையைப் பார்த்தாலும் ஐந்தால் பெருக்கிப் பார்க்கிற மூளை. இவைதான் என் கைவசம் இருந்தவை.

*

நம்மிடம் ஐரோப்பியப் பயணக்கட்டுரைக்கு ஓர் அச்சு இருக்கிறது. விமான நிலையத்தில் குளிர் முகத்தில் அறையும். ஒரு காப்பி இருபத்தைந்து ரிங்கிட்டா என்று நெஞ்சு வலிக்கும். பிறகு ஒரு மாளிகை, கட்டிய ஆண்டு, அதன் உயரம். மூன்றாம் நாள் சோற்று ஏக்கம். கடைசிப் பத்தியில் ‘நம் ஊரில் இப்படி ஒன்று வருமா?’ என்று ஒரு பெருமூச்சு. கிண்டலுக்காகச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் என் நோட்டுப் புத்தகத்தில் நானும் இதைத்தான் எழுதியிருந்தேன். ஹோஃப்புர்க் அரண்மனை பற்றி ஒன்றரைப் பக்கம். திரும்ப வாசித்தபோது அது எங்கேயும் கிடைக்கிற ஒன்றரைப் பக்கமாக இருந்தது.

இந்த வகைக் கட்டுரையில் ஒரு குறை உண்டு. அதில் விலை வரும், ஆனால் அந்த விலை ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி வராது. ஒன்று விலை அதிகமாக இருந்தால் எழுதுகிறவர் அதிர்ச்சியடைவார். மலிவாக இருந்தால் தனக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று மகிழ்வார். யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து முடிவெடுத்ததால்தான் அது மலிவாக இருக்கிறது என்று தோன்றாது. ஏ.கே. செட்டியாரை நாம் இன்றும் வாசிப்பதற்குக் காரணம், ஊர் எப்படி இருக்கிறது என்பதோடு அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் அவர் பார்த்தார். அவருக்குப் பிறகு கேமரா நன்றாக வளர்ந்தது. பார்வை வளர்ந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்தது பத்து யூரோ டிக்கெட் ஒன்று.

*

வியன்னா அரசு ஓப்பரா அரங்கில் நல்ல இருக்கைகள் இருநூறு யூரோவைத் தாண்டும். அதே அரங்கில் நின்று பார்க்க நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. பல ஆண்டுகள் அதன் விலை மூன்று, நான்கு யூரோதான். நான் போனபோது பத்து. கீழ்த்தளத்தில் நிற்கிற பகுதி எங்கோ மூலையில் இல்லை. மேடைக்கு நேர் எதிரே, நடு மாடத்துக்குக் கீழே. முன்பு பேரரசரும் அவர் குடும்பமும் உட்கார்ந்த இடத்தின் காலடியில் நாம் நிற்கிறோம். பணக்காரர்களில் பலருக்கு இவ்வளவு நல்ல கோணம் கிடைக்காது.

பக்கவாட்டில் இதற்கென்று தனி வாசல். அன்று நிகழ்ச்சிக்கு எண்பது நிமிடம் முன்பு கவுண்டர் திறந்தது. நான் இரண்டரை மணி நேரம் முன்பே போய்விட்டேன். எனக்கு முன்னால் இசைக்கல்லூரி மாணவர்கள், என்னைப்போல் முதுகுப்பை போட்டவர்கள், மடிக்கிற குட்டி நாற்காலியும் புத்தகமுமாய் ஒரு பாட்டி. பாட்டியைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் விட்டது. எப்போது கைதட்டணும் என்று இவரைப் பார்த்துச் செய்யலாம்.

உள்ளே போனதும் எல்லாரும் ஓடுகிறார்கள். வரிசை வரிசையாகக் கம்பித் தடுப்பு. ஓர் இடத்தைப் பிடித்ததும் கழுத்துச் சால்வையை அவிழ்த்துக் கம்பியில் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் அது உங்கள் இடம். கழிவறைக்கோ, தண்ணீர் குடிக்கவோ போய் வரலாம். யாரும் தொட மாட்டார்கள். என்னிடம் சால்வை இல்லை. பாட்டி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், “கட்ட ஒன்றும் இல்லையா?” பையைத் துழாவினேன். குளிப்பதற்கு எடுத்து வந்த ‘குட் மார்னிங்’ துண்டு கிடந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து, நம் ஊர்ப் பழைய காப்பிக் கடைகளில் தோளில் தொங்குமே, அதே துண்டு. ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஓப்பராவில் அதைக் கட்டினேன். பாட்டி முடிச்சைச் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்றைக்குப் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’. அவர் எழுதி முடித்த ஒரே ஓப்பரா. கதை எளிமையானது. அரசியல் காரணத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்ட கணவனை மீட்க, லியோனோரா என்கிற மனைவி ஆண்வேடம் போட்டு அந்தச் சிறையிலேயே வேலைக்குச் சேர்கிறாள். நிற்கிறவர்களுக்கும் முன்னால் சின்னத் திரையில் வசனம் ஓடுகிறது. முதல் நாற்பது நிமிடம் எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கால் வலித்தது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் அங்கம் முடிகிற நேரத்தில் கைதிகளைச் சிறிது நேரம் வெளிச்சத்துக்கு விடுகிறார்கள். இருட்டிலிருந்து ஒருவர், பின்னால் இருவர், பிறகு கூட்டமாக. கண் கூசுகிறது. காற்றை இழுக்கிறார்கள். மெதுவாகப் பாட ஆரம்பிக்கிறார்கள், சுதந்திரம் என்ற சொல்லுக்கு வந்ததும் குரல் உயர்கிறது. உடனே ஒருவன் எச்சரிக்கிறான்: மெதுவா பேசுங்க, காவலர் கவனிக்கிறார்கள். மொத்தக் குழுவும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. உரக்கப் பாடத் தெரிந்த அத்தனை பேர் பயத்தில் தாழ்த்திப் பாடுகிற அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் பாட்டி இருந்ததால் துண்டை எடுத்து முகம் துடைக்கவும் கூச்சம். துண்டு கட்டியே இருந்தது.

வசதியான இருக்கையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று யோசித்தேன். வலிக்கிற காலுக்கும் அந்தப் பாட்டுக்கும் தொடர்பு இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இதை ரொம்ப அழகுபடுத்தக் கூடாது. ஏழைகள் நிற்பது கலைக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உட்கார்ந்து கேட்க அவருக்கும் முழு உரிமை உண்டு.

*

இந்தக் கட்டடத்தின் கதையில் ஒரு கொலை மாதிரியான சம்பவம் இருக்கிறது. எடுவார்ட் வான் டெர் நியூல், ஆகஸ்ட் சிக்கார்ட் வான் சிக்கார்ட்ஸ்புர்க் என்ற இருவர்தான் இதை வடிவமைத்தார்கள். கட்டும்போதே எதிரில் சாலையின் மட்டம் உயர்ந்துவிட, கட்டடம் தாழ்ந்து தெரிந்தது. மண்ணில் புதைந்த பெட்டி என்று ஊர் சிரித்தது. பத்திரிகைகள் எழுதின. பேரரசரும் ஏதோ சொன்னதாகப் பேச்சு. 1868 ஏப்ரலில் நியூல் தூக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் சிக்கார்ட்ஸ்புர்க்கும் நோயில் இறந்தார். 1869 மே மாதம் மொஸார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’யோடு அரங்கு திறந்தபோது கட்டியவர்கள் இருவரும் இல்லை. பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ‘ரொம்ப அழகாக இருந்தது, மகிழ்ச்சி’ என்று மட்டும் சொல்லிப் பழகினார் என்று ஒரு கதை உண்டு.

நம் இலக்கிய விழாக்களில் இந்தப் பேரரசர் இன்னும் உயிரோடு இருக்கிறார். யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று எல்லா நூலையும் ‘சிறப்பு’ என்பார். அவருக்கு எதிரணியில் சிரிக்கிற ஊர்க்கூட்டமும் இருக்கிறது. விமர்சனம் என்றால் இந்த இரண்டு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன், டேவிட் யோசெஃப் பாக் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளும்வரை.

இவர் அந்த பிரபல பாக் இல்லை. வியன்னாவின் சமூக ஜனநாயகக் கட்சி நடத்திய ‘ஆர்பைட்டர் ஸைட்டுங்’ என்ற தொழிலாளர் நாளிதழில் இசை விமர்சகர். யூதர். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இளமைக்கால நண்பர். ஒரு கச்சேரி நன்றாக இருந்தது, இல்லை என்று எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருக்கு இன்னொரு சிக்கல் தெரிந்தது. தன் பத்திரிகையை வாசிக்கிற தொழிலாளி, தான் எழுதுகிற கச்சேரிக்குப் போகவே முடியாது. அப்படியானால் இந்த விமர்சனம் யாருக்கு?

1905இல் அவர் தொழிலாளர் சிம்பொனிக் கச்சேரிகளைத் தொடங்கினார். தொழிலாளிக்குக் கட்டுப்படியாகிற விலை. ஆனால் மேடையில் மலிவுச் சரக்கு இல்லை. பீத்தோவன் இருந்தார், மாஹ்லர் இருந்தார், அப்போது படித்த கூட்டமே கூச்சல் போட்டு எதிர்த்த புது இசையும் இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கச்சேரிகளைப் பலமுறை நடத்தியவர் ஆண்டன் வெபர்ன். இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடினமான இசையை எழுதியவர்களில் ஒருவர், ஆலைத் தொழிலாளிகளுக்கு முன்னால் கோலை உயர்த்தி நிற்கிறார். ‘சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று பாக் நினைக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே நம்மூரில் எத்தனை நல்ல விஷயங்களை நாம் தொடங்காமலே விட்டிருக்கிறோம்!

1934இல் அந்தக் கச்சேரிகள் நின்றன. ஏன் நின்றன என்பதற்கு ரயில் ஏற வேண்டும்.

*

யு4 ரயிலில் கடைசி நிலையமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்கினால் எதிரிலேயே ஒரு நீண்ட சிவப்பு, மஞ்சள் கட்டடம். கண்ணுக்கெட்டியவரை போகிறது. கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927க்கும் 1930க்கும் இடையில் கட்டிய நகராட்சிக் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். அரண்மனை போல வளைவு வாசல்கள். உள்ளே புல்வெளி, மரங்கள். சலவைக்கூடம், குளியல் கூடம், பாலர் பள்ளி, நூலகம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வடிவமைத்தவர் கார்ல் ஏன்.

முதல் உலகப்போருக்குப் பிறகு 1919இல் சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியைப் பிடித்தது. பேரரசு உடைந்து, பசியும் காசநோயுமாய்க் கிடந்த ஊர். வீட்டுவரி, ஆடம்பர வரி என்று வசதியானவர்களிடம் அதிகமாக வாங்கி, பதினைந்து ஆண்டில் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். இன்றும் வியன்னாக்காரர்களில் சுமார் பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோதான் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் ஓப்பரா வாசலில் நின்ற பாட்டியைப் புரிந்துகொள்ள முடியும். வாடகை சம்பளத்தை விழுங்காத ஊரில்தான் மாதம் நான்கு தடவை ஓப்பராவுக்குப் போகிற ஓய்வூதியக்காரர் இருக்க முடியும். டிக்கெட் மலிவாக இருந்தால் மட்டும் போதாது. டிக்கெட் வாங்கிய பிறகும் வாழ்வதற்குக் கையில் காசு இருக்க வேண்டும்.

1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசு இந்தக் கட்டடத்தின் மீது பீரங்கியால் சுட்டது. உள்ளே இருந்த தொழிலாளர் படை தோற்றது. கட்சி தடைசெய்யப்பட்டது. கட்சியோடு பாக்கின் கச்சேரிகளும் போயின. நாஜிகள் வந்த பிறகு அவர் லண்டனுக்குத் தப்பி, 1947இல் அங்கேயே இறந்தார்.

நான் போன மதியம் அந்த முற்றத்தில் ஒரு பையன் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பீத்தோவன் 1802இல் தங்கிய தெரு. காது போய்க்கொண்டிருக்கிறது, சாகலாமா என்று யோசித்தேன், கலைதான் தடுத்தது என்று தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டாரே, அது இந்த ஊரில்தான். இரண்டு இடங்களையும் ஒரே மதியத்தில் நடந்தே பார்க்கலாம். செலவு, ரயில் டிக்கெட். தாகம் எடுத்தால் தெருக்குழாய். 1873லிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே இந்த நகரத்துக்கு வருகிறது. காசு கிடையாது.

*

இப்போது அந்த நாவலுக்கு வருகிறேன். ரேகர் என்ற 82 வயது இசை விமர்சகர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்து, போர்டோனே அறையில் ஒரே நீள் இருக்கையில், டின்டொரெட்டோ வரைந்த வெண்தாடிக் கிழவருக்கு எதிரே உட்கார்கிறார். ஓவியத்தை ரசிப்பதற்காக இல்லை. எந்த மேதையின் படைப்பிலும் ஒரு குறை இருக்கும், அதைக் கண்டுபிடித்தால்தான் அதோடு வாழ முடியும் என்பது அவர் கொள்கை. ஆஸ்திரியா, கலை, அரசு, தத்துவவாதிகள், கழிவறைகள் என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்க்கிறார். பத்தி பிரிக்காத நாவல். வாசிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த இருக்கையைப் பார்க்கத்தான் நான் வந்ததே. டிக்கெட் இருபது யூரோவுக்கு மேல். இங்கே ஒரு வழி சொல்கிறேன். வியாழக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். காலை பத்துக்கு நுழைந்தால் ஒரே டிக்கெட்டில் பதினோரு மணி நேரம். பத்தொன்பது வயதுக்குக் கீழே இருந்தால் 2010லிருந்து அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

வெண்தாடிக் கிழவர் எதிர்பார்த்ததைவிடச் சின்னப் படம். முக்கால் மணி நேரம் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை, எனக்கு அவ்வளவு பயிற்சி போதாது. பிறகு ப்ரூகல் அறைக்குப் போனேன். மிச்ச நேரம் முழுக்க அங்கேதான்.

பீட்டர் ப்ரூகல் வரைந்து இன்று எஞ்சியிருப்பது நாற்பது சொச்சம் ஓவியங்கள். அவற்றில் பன்னிரண்டு இங்கே. பேரரசர்களும் இளவரசர்களும் காசு கொடுத்துச் சேர்த்தவை. ஆனால் படங்களில் இருப்பது குடியானவர்கள். ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ (1565) ஓவியத்தில் மூன்று பேர் திரும்பி வருகிறார்கள். ஒரே ஒரு நரிதான் கிடைத்திருக்கிறது. நாய்கள் தலை தொங்கி நடக்கின்றன. சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கியில் மட்டும் தொங்குகிறது. கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. அந்த மூவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ‘குடியானவர் கல்யாணம்’ ஓவியத்தில் கழற்றிய கதவுப் பலகையில் கிண்ணங்களைத் தூக்கி வருகிறார்கள். பைக்குழல் வாசிக்கிறவன் வாசிப்பதை விட்டுவிட்டுச் சாப்பாட்டையே பார்க்கிறான். தரையில் ஒரு குழந்தை தட்டை வழித்து விரலை நக்குகிறது. ஒரு தோட்டத்துக் கல்யாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. பந்தி எப்போது வரும் என்று மேளக்காரர் பார்க்கிற பார்வை நமக்குத் தெரியும்.

நாவலின் கடைசிப் பகுதியில் ரேகர் வேறொன்று சொல்கிறார். அவர் மனைவி இறந்துவிடுகிறார். அவளை முதன்முதலில் சந்தித்ததும் இதே இருக்கையில்தான். அவள் போன பிறகு புத்தகங்களும் ஓவியங்களும் அவரைக் காப்பாற்றவில்லை. வாழ்நாள் முழுக்க மேதைகளைச் சேர்த்துவைத்தவர், ஒரு மனிதருக்கு ஈடாக எந்த மேதையும் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். கலை இல்லாமலும் அவரால் இருக்க முடியவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறுபடி வருகிறார்.

*

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து ரிங் சாலையைக் கடந்தால் ஹெல்டன்பிளாட்ஸ். வீரர் சதுக்கம். 1938 மார்ச் 15 அன்று எதிரே தெரிகிற மாடத்திலிருந்து ஹிட்லர் பேசினார். சுமார் இரண்டு லட்சம் பேர் ஆரவாரம் செய்தார்கள். மாஹ்லர் பத்து ஆண்டு ஓப்பராவை நடத்திய ஊர், ஃப்ராய்ட் இருந்த ஊர், பாக் தொழிலாளிகளுக்குப் பீத்தோவன் கொடுத்த ஊர்.

பெர்ன்ஹார்ட் அதே பெயரில் 1988இல் நாடகம் எழுதினார். அந்த ஆரவாரம் ஐம்பது ஆண்டு கழித்தும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு யூதப் பெண்மணி அதில் வருகிறார். நாடகம் அரங்கேறுவதற்கு முன்பே நாடே கொதித்தது. புர்க் தியேட்டர் வாசலில் சாணி கொட்டினார்கள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி, நான் கேட்ட ‘ஃபிடேலியோ’வைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து ஓப்பரா அரங்கு எரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 1955 நவம்பர் 5 அன்று திறந்தபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘ஃபிடேலியோ’. சிறை, விடுதலை, வெளிச்சம். பொருத்தம்தானே. இசையை நடத்தியவர் கார்ல் போம். 1943லிருந்து 1945வரை, நாஜி ஆட்சியில், இதே அரங்கின் இயக்குநர் அவர்தான். இந்த ஓப்பராவின் இசைக்குழுவிலிருந்துதான் வியன்னா பில்ஹார்மோனிக் உருவாகிறது. 1942இல் அதன் 123 உறுப்பினர்களில் 60 பேர் நாஜிக் கட்சியில் இருந்தார்கள். யூத இசைஞர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் வதைமுகாம்களில் செத்தார்கள். பில்ஹார்மோனிக் தானே வரலாற்றாசிரியர்களை அமர்த்தி இதையெல்லாம் வெளியிட்டது 2013இல்தான்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைதிகளின் பாட்டைக் கேட்டு நான் அழுதேன். அந்தக் காலத்தில் அதே கம்பியில் சால்வை கட்டி நின்று, அதே இசைக்கு அழுதுவிட்டு, மறுநாள் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் காணாமல் போனதைக் கேட்காமல் வேலைக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் அழுகை பொய், என் அழுகை நிஜம் என்று சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். வியன்னாவில் ஒரு வாரம் இருந்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கலை உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. கதவு யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதைக் கலை முடிவு செய்வதில்லை, மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 1905இல் ஒரு விமர்சகர் திறந்தார். 1934இல் பீரங்கி மூடியது. 1938இல் இரண்டு லட்சம் பேர் கைதட்டிக்கொண்டே மூடினார்கள். என் கையில் இருந்த பத்து யூரோ டிக்கெட் இத்தனையையும் தாண்டி வந்தது. அதை என் அதிர்ஷ்டம் என்று எழுதினால் நான் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

*

கடைசி நாள் ஹாவெல்கா காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். 1939இல் ஒரு தம்பதி தொடங்கியது. பிரபலமான வேறொரு கடைக்கு வெளியே படம் எடுக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு மெலாஞ், வெள்ளித் தட்டில் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர். மரச்சட்டத்தில் மாட்டிய நாளிதழ்கள். மூன்று மணி நேரம் இருந்தேன், யாரும் பில் கொண்டுவந்து வைக்கவில்லை. இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது, ஆஸ்திரிய யுனெஸ்கோ ஆணையத்தின் தேசியப் பட்டியலில்கூட இடம் இருக்கிறது. ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு விடிய விடிய மாமாக் கடையில் இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் யூதர் சதுக்கம். சிற்பி ரேச்சல் வைட்ரீட் 2000இல் செய்து முடித்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்காக. ஒரு கான்கிரீட் நூலகம். உட்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. அடுக்கடுக்காகப் புத்தகங்கள், ஆனால் முதுகு உள்பக்கம், தாள்களின் விளிம்பு நம் பக்கம். எந்தப் புத்தகத்தின் பெயரும் தெரியாது. கதவு உண்டு, கைப்பிடி இல்லை. பார்க்கக் காசு கிடையாது. எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே போக முடியாது.

மாமாவுக்கு என்ன சொல்வது என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஊருக்கு வந்து துண்டைக் காட்டி, நின்று கேட்டதைச் சொன்னேன். கைதிகள் வெளிச்சத்துக்கு வருகிற இடத்தைக் கைப்பேசியில் போட்டும் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இதெல்லாம் இங்க கேக்க முடியுமாடா?”

“முடியும் மாமா. ட்வின் டவர்லயே இருக்கு.”

“என்ன சட்டை போடணும்?”

அடுத்த மாதம் இருவரும் போகிறோம். டிக்கெட் விலையைப் பார்த்தேன். மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் நிற்க ஓர் இடம் விட்டிருக்கிறார்களா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.